கடிதம் பதமாகும் காலம்

ஒரகடத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு வந்து இறங்கும் வாசலில் எனக்கு வேலை. லாரி ஒன்பதரைக்கு வரவேண்டும் என்றால் ஒன்பதரைக்கு வரவேண்டும். ஒன்பது மணிக்கே வந்து நின்றால் ரோட்டோரம் போய் நிற்கச் சொல்லிவிடுவோம், உள்ளே வைக்க இடம் கிடையாது. பத்து மணிக்கு வந்தால் லைன் நின்றுவிடும், மேனேஜர் முதலில் தன் தலையில் கை வைப்பார், பிறகு அதே கையை எங்களை நோக்கி நீட்டுவார். நாலு வருடமாக நேரம் பார்த்துச் சரக்கு வாங்கிப் பழகிய நான், ஒரே ஒரு பரிந்துரைக் கடிதத்தை நேரத்துக்கு வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நினைப்பில் மண் விழுந்தது.

என் பெயர் மாரிசெல்வி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். தண்டலத்துக்கு அருகில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் படித்தேன். இப்போது வடக்குப்பட்டில் ஓர் அறையில் பூமாரியோடு தங்கியிருக்கிறேன். அவளும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், வேறு கம்பெனி. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரப்பர் தொழில்நுட்பத்தில் மேல்படிப்பு இருக்கிறது. கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. ஆனால் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை தேறிய எனக்கு இதுதான் ஐந்தாவது வருடம். ஜனவரி முப்பத்தொன்று கடைசித் தேதி. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம், பாடம் நடத்தியவரிடமிருந்து ஒரு கடிதம். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

வேலையிடத்துக் கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் சூப்பர்வைசர் ஜெபகுமார் வடக்குப்பட்டுக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் போனுக்குக் கடிதம் கேட்டு ஜெர்மனியிலிருந்து லிங்க் வந்தது.

"இன்னா மாரி, உன்னப் பத்தி இன்னாமோ கேட்டுக்கினுகீறான். எழுதி அனுப்பட்டா?"

"அனுப்புங்கண்ணே. உங்க மனசுல பட்டத எழுதுங்க."

பஸ் கம்பெனி கேட்டுக்குள் திரும்புவதற்குள் அனுப்பிவிட்டார். பதினோரு நிமிடம்.

"இந்தப் பொண்ணு ஓகேன்னா சரக்கு ஓகே. அவ்ளோதான் போட்டேன். இங்கிலீஷு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். பரவால்லியா?"

என்னைப் பற்றி யாரும் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் செப்டம்பர் மாதம் ஒரு வார விடுமுறையில் கல்லூரிக்குப் போனேன். நான் படித்த காலத்தில் உடைந்த பெஞ்சுகள் அடைத்துக் கிடந்த மாடி அறையில் இப்போது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பித்தளைப் பலகை: பரிந்துரைக் கடித மேலாண்மைப் பிரிவு. சுவரில் நான்கு கடிகாரங்கள், கீழே சென்னை, லண்டன், நியூயார்க், பெர்லின் என்று எழுதியிருந்தது. பெர்லின் கடிகாரத்தில் பேட்டரி இல்லை.

உள்ளே சரோஜா அக்கா. முன்பு எங்கள் லேபில் இருந்தவர். பரீட்சை நேரத்தில் நான் மயங்கி விழுந்தபோது தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஊட்டிவிட்டவர். பிரிவு ஆரம்பித்ததும் எழுத்தராகிவிட்டார்.

"இன்னாடி மாரி, இப்டி எளச்சிக் கீற! துன்றியா இல்லியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். கையை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

"சீக்கிரமா வந்துட்டியே. கடைசித் தேதிக்கு அறுவது நாளைக்கு முன்ன வாங்க மாட்டோம். நாப்பத்தஞ்சு நாளைக்குக் கம்மியா இருந்தாலும் வாங்க மாட்டோம். உனுக்கு டிசம்பர் ரெண்டுலேர்ந்து பதினேழு வரிக்கும் டைமு."

"சீக்கிரமா வந்தா நல்லதுதானக்கா?"

"யாருக்கு?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

துறைத்தலைவர் டாக்டர் தசரதனைப் பார்த்தேன். என் கடைசி வருட புராஜெக்டுக்கு அவர்தான் வழிகாட்டி. எண்ணெய்க் கசிவை அடைக்க நான் செய்த ரப்பர் கேஸ்கெட் அழுத்தச் சோதனையில் வெடித்து அவர் வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய் தெறித்தது, ஜூனியர் பிள்ளைகளிடம் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாராம். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாம்மா கேஸ்கெட்! ஜெர்மனியா? பிரமாதம்! உனக்கு எழுதாம யாருக்கு எழுதப் போறேன்?"

"இப்பவே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும் சார்."

"அது மட்டும் முடியாதும்மா. ரப்பர் அச்சுல வேகறதுக்கு க்யூரிங் டைம் இருக்குல்ல? முன்னாடி எடுத்தா பிசுபிசுன்னு இருக்கும், லேட்டா எடுத்தா விரிசல் விடும். கடிதமும் அப்படித்தான். அதுக்கு ஒரு பதம் இருக்கு. இப்ப எழுதினா ஜனவரிக்குள்ள பழசாயிடும். உன் மேல எனக்கு இருக்கிற மதிப்பு பழசாயிடலாமா?"

ஆகாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

டிசம்பர் இரண்டு. அரை நாள் பர்மிஷன் போட்டுக்கொண்டு ஓடினேன். அறுபதாம் நாள் அறுபது நாளில் சேருமா, சேராதா என்று சரோஜா அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் கால ஒழுங்குக் குழுவுக்குப் போகவேண்டுமாம். நாலு நாள் கழித்துக் குழு கூடியது, மதியம் இரண்டு மணிக்கு. டீன் நடேசன் மூன்றேகாலுக்கு வந்தார். வந்தவர் என்னை நிற்க வைத்துக்கொண்டு பேசினார்.

"நேரம் என்பது எங்கள் கல்லூரியின் உயிர்மூச்சு. மற்ற கல்லூரிகளில் பேராசிரியர்கள் நினைத்த நேரத்தில் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டவுடன் கொடுக்கிறார்கள் அம்மா, கேட்டவுடன்! இதைவிட ஒழுங்கீனம் உண்டா? இந்தப் பிரிவைத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை தாமதமாகப் போன கடிதம் ஒன்றுகூடக் கிடையாது."

"மொத்தம் எத்தனை கடிதம் சார் குடுத்திருக்கீங்க?"

டீன் சரோஜா அக்காவைப் பார்த்தார். சரோஜா அக்கா பதிவேட்டைப் பார்த்தார்.

"அது வேற ரெஜிஸ்டர் சார்" என்றார்.

அறுபதாம் நாள் சேரும் என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது. ஆனால் அன்றைக்கு ஐம்பத்தாறாம் நாள் ஆகிவிட்டிருந்தது. சரி, விண்ணப்பத்தைக் கொடு என்றார்கள். கொடுத்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து துறைத்தலைவருக்கு லிங்க் வந்திருக்கிறதா என்றார்கள். அங்கேயே வெப்சைட்டில் அவர் பெயரைப் போட்டேன், அரை நிமிடத்தில் அவருக்கு மெயில் போய்விட்டது.

போனதுதான். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, துறைத்தலைவர் மெயில் பார்ப்பதில்லை. கணினிப் பிரிவு இனியவன் வாரத்துக்கு ஒரு முறை அவர் மெயில்களை பிரிண்ட் எடுத்து ஒரு தட்டில் வைப்பான். அவர் படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் வந்தால்தான் சரோஜா அக்கா சீல் குத்தி இன்வர்டு நம்பர் போடுவார். சீல் குத்தாத வரை என் விண்ணப்பம் வரவில்லை என்று அர்த்தம். அந்த வாரம் பிரிண்டரில் மை இல்லை.

டிசம்பர் பதினேழாம் தேதி, கடைசி நாள், மாலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சீல் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். மெயிலில் நீல எழுத்தில் இருந்த லிங்க் தாளில் கறுப்பாக அச்சாகியிருந்தது. அதன்மேல் பச்சை மையில் ஒரு டிக்.

"பாரு, சாரு லிங்க்க க்ளிக் பண்ணிட்டாரு" என்றார் சரோஜா அக்கா.

எனக்கு முட்டிக்கொள்ளச் சுவர்தான் தேடவேண்டியிருந்தது. தசரதன் சாரிடம் ஓடினேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இன்வர்டு. கடிதம் பதமாக நாப்பத்தஞ்சு நாள். சரியா ஜனவரி முப்பத்தொண்ணு."

"அன்னைக்குத்தான் சார் கடைசித் தேதி!"

"பாத்தியா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு துல்லியமா வச்சிருக்கோம் பாத்தியா?"

அந்த நாற்பத்தைந்து நாளில் நான் ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. நினைவூட்டல் வந்தால் அதற்குத் தனி ஃபைல் திறப்பார்களாம், மூன்று நாள் தள்ளிப்போகுமாம். பொங்கலுக்கு ஊருக்கும் போகவில்லை. அம்மா போனில், "லீவு இல்லையாட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். பூமாரிக்குத்தான் என்னைவிடக் கோபம்.

"நீ என்னட்டீ கைய கட்டிக்கிட்டு இருக்க? போயி ரெண்டு சத்தம் போட்டுட்டு வா."

"சத்தம் போட்டா அதையும் இன்வர்டு போடுவாகட்டீ."

ஜனவரி முப்பத்தொன்று. முதல் ஷிப்டு முடிந்து யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், சேஃப்டி ஷூவோடு, இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. பிரிவின் கணினி பாஸ்வேர்டு இனியவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தான். என் போனையே நீட்டினேன். தசரதன் சார் வாங்கிக்கொண்டு, "விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாதும்மா, ரகசியம்" என்றார். என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். பெர்லின் கடிகாரத்துக்கு நேராக நின்றேன். அதில் மணி பத்தேகால், இரண்டு வருடமாக.

முதுகுக்குப் பின்னால், தாளில் இருந்த லிங்க்கைச் சரோஜா அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, தசரதன் சார் போனில் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தடவை தப்பு. நாலாவது தடவை திறந்தது. பிறகு சார் கேட்டார்:

"சரோஜா, இந்தப் பொண்ணோட இன்வர்டு தேதி என்ன?"

"டிசம்பர் பதினேழு சார்."

"இன்னையோட எத்தனை நாள்?"

"நாப்பத்தஞ்சு சார்."

"கரெக்ட்" என்று சொல்லி எதையோ தட்டினார். பதிவேட்டுக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாற்பத்தேழுக்குக் கடிதம் போய்விட்டது. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் அழுதேன். சரோஜா அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் செய்தி பரவி டீன் நடேசன் வந்தார், பின்னாலேயே பூங்கொத்து வந்தது, ஃபிளெக்ஸ் பேனரும் வந்தது. எங்கள் பிரிவின் முதல் கடிதம் என்று அதில் போட்டிருந்தது. பேனர் மட்டும் முன்கூட்டியே தயாராக இருந்தது என்பதை நான் கவனிக்காமல் இல்லை. என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

"காலத்தை மதிக்கும் கல்லூரி, காலத்தை வெல்லும்!" என்றார் டீன். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

மார்ச் முதல் வாரம், கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. நாலே வரி. உங்களை நன்கு அறிந்த ஆசிரியரின் பரிந்துரை தேவை. அவருக்கு விண்ணப்பதாரரைக் குறைந்தது ஒரு வருடமாவது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆசிரியர் உங்களை நாற்பத்தைந்து நாட்களாக அறிவார் என்று குறிப்பிட்டிருக்கிறார். எனவே உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை.

இரண்டு தடவை படித்தேன். பின் சீட்டிலிருந்து ஜெபகுமார் அண்ணன் எட்டி, "இன்னா மாரி, ஓகேவா?" என்று கேட்டார். மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

தசரதன் சார் மெயிலைப் படித்தார். முகம் வாடிவிட்டது.

"ஐயோ, என்னம்மா இது?"

"நாப்பத்தஞ்சு நாளாத்தான் என்னைத் தெரியும்னு எழுதியிருக்கீங்க சார்."

"ஆமா. எத்தனை நாளாத் தெரியும்னு கேட்டிருந்தான்."

"நாலு வருசம் பாடம் நடத்துனீக சார்! எங்கூட லேப்ல நின்னீக! என் கேஸ்கெட் வெடிச்சு உங்க சட்டையில எண்ணெய்…"

"மறக்க முடியுமாம்மா? அந்தச் சட்டைய இன்னும் வீட்ல வச்சிருக்கேன். ஆனா அதுக்கு இன்வர்டு நம்பர் இல்லையே." அவர் குரலில் கிண்டல் ஒரு சொட்டுக்கூட இல்லை. "ஃபைல்ல உன்னோட முதல் தாள் டிசம்பர் பதினேழு. அதுக்கு முன்னாடி உன்னைத் தெரியும்னு எழுதினா, நாளைக்கு ஆடிட்டுல எதைக் காட்டுவேன்? உனக்காகப் பொய் எழுதச் சொல்றியா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த குரல்.

"சார், லாரி சீக்கிரமா வந்தா நாங்க ரோட்டோரம் நிக்கச் சொல்லிருவோம். அதுக்காக லாரியே வரலைன்னு எழுத மாட்டோம்! நான் வந்தேன் சார். செப்டம்பர்லயே வந்தேன். சீக்கிரம்னு சொல்லி நீங்கதான திருப்பி விட்டீக? பேசாம அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற வாத்தியார்கிட்டயாவது போயிருப்பேம்லா!"

"கோவப்படாத. நான் சொல்றதக் கேளு." அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "இதுல ஒண்ணும் கெட்டுப் போகல. அடுத்த வருஷம் இதே ஃபைல்லயே போடு. அப்ப எனக்கு உன்னை ஒரு வருஷம் நாப்பத்தஞ்சு நாளாத் தெரிஞ்சிருக்கும். ஒரு பய உன்ன ரிஜெக்ட் பண்ண முடியாது."

"அடுத்த வருசம் போட முடியாது சார். படிச்சு முடிச்சு அஞ்சு வருசத்துக்குள்ள போடணும். எனக்கு இதான் அஞ்சாவது."

"அடுத்த வருஷம் போட்டா?"

"வாங்க மாட்டாக."

அவ்வளவுதான். மனிதருக்கு வந்ததே ஒரு கோபம்! மேசையில் ஓங்கித் தட்டினார், பேனா ஸ்டாண்டு விழுந்தது.

"என்ன அநியாயம் இது! ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனா என்ன குடியா முழுகிடும்? ஒரு பிள்ளையோட வாழ்க்கையைக் காலண்டரைப் பாத்தா முடிவு பண்றது? ஆளப் பாக்க வேணாமா? திறமையப் பாக்க வேணாமா? தேதி தேதின்னு தொங்கிக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு யுனிவர்சிட்டியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இதை நான் சும்மா விடப் போறதில்லம்மா. காட்டமா ஒரு கண்டனக் கடிதம் எழுதுறேன். இப்படி ஒரு ரூல வச்சுக்கிட்டு பிள்ளைங்களச் சாகடிக்காதீங்கன்னு எழுதுறேன். சரோஜா! அந்த ரெஜிஸ்டர எடுத்துட்டு வா!"

சரோஜா அக்கா வந்தார். நடந்ததை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும், என்னை நேராகப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பதிவேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.

"இன்னிக்கு இன்வர்டு போட்டா நாப்பத்தஞ்சு நாளு ஆவும் சார்" என்றார்.

"ஆகட்டும். அவசரத்துல எழுதுற கடிதம் இல்ல இது."

சரோஜா அக்கா பேனாவைத் திறந்தார். எனக்குச் சோறு ஊட்டிவிட்ட அதே கை.

"பேரு சொல்லும்மா" என்றார்.